யுவி-5ஆரில் ஸ்கேன்: 21 சேனல், 7 வினாடி, நடுவில் நிற்கும் பேய்ச் சத்தங்கள்

பாவ்ஃபெங் யுவி-5ஆர் என்ற வாக்கி-டாக்கிக் கைக்கருவியில் நட்சத்திரக் குறி போட்ட ஸ்கேன் பொத்தானை இரண்டு வினாடி அழுத்திப் பிடித்தால் ஸ்கேன் ஓடத் தொடங்கும், அதாவது கருவி அலைவரிசைகளை ஒவ்வொன்றாகத் தாவித் தாவிக் கேட்கும். எண்கள் ஓடுவதைப் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அப்படியே மேசையில் வைத்தால் பெரும்பாலும் ஒன்றும் சிக்காது. கருவியில் கோளாறு இல்லை, கணக்குதான் உதைக்கிறது.

இந்தக் கருவி வினாடிக்குச் சுமார் 3 இடம்தான் நகரும். அலைவரிசை முறையில், அதாவது சேனல் எண் இல்லாமல் நேரடியாக அலைவரிசை தெரியும் நிலையில், 136 முதல் 174 மெகாஹெர்ட்ஸ் வரை முழுவதையும் அது மேய்கிறது. மெனு 1-இல் ஸ்டெப் 12.5 கிலோஹெர்ட்ஸ் என்று வைத்திருந்தால் 3,040 படிகள். ஒரு சுற்று முடிய 17 நிமிடம். 5 கிலோஹெர்ட்ஸ் வைத்தால் 7,600 படிகள், 42 நிமிடம். 2.5 வைத்தால் கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேரம். ரிப்பீட்டரில் (சிக்னலை ஓர் அலைவரிசையில் வாங்கி இன்னொன்றில் வலுவாகத் திரும்ப அனுப்பும் நிலையம்) ஒருவர் பிடிடியை (பேசுவதற்கான பொத்தான்) அழுத்திப் பேசி விடுவது இருபது, முப்பது வினாடி. அந்த நேரத்தில் ஸ்கேன் சரியாக அங்கே வந்து நிற்பது லாட்டரி விழுவது மாதிரி.

ஆகவே யுவி-5ஆரில் ஸ்கேன் உருப்படியாக வேலை செய்ய வேண்டுமானால், எதையெல்லாம் தேடக் கூடாது என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். கீழே வருவதெல்லாம் அந்தக் கழித்தல் வேலைதான்.

தொடங்கும் முன் ஒரு வார்த்தை. இந்தியாவில் ஹாம் (அமெச்சூர் வானொலி) உரிமம் இல்லாமல் இந்த மாதிரிக் கருவியை வைத்திருக்கவே அனுமதி இல்லை. உரிமம் உள்ளவருக்கும் விஎச்எஃப்-இல் 144–146, யுஎச்எஃப்-இல் 434–438 மெகாஹெர்ட்ஸ்தான் நம் வீடு. கருவி அதைத் தாண்டியும் திறந்து கிடக்கிறது என்பதற்காக அங்கே பிடிடியைத் தொடக் கூடாது. வேறு சேவைகளின் பேச்சு தவறிக் காதில் விழுந்தால் அதை வெளியில் சொல்லவும் கூடாது.

பட்டியல் எவ்வளவு நீளம் இருக்கலாம்

நினைவகத்தில் 000 முதல் 127 வரை 128 சேனல்கள் உண்டு. இடம் இருக்கிறதே என்று அத்தனையையும் நிரப்பி ஸ்கேன் ஓட்டினால் ஒரு சுற்றுக்கு 43 வினாடி. இன்னொருவர் பேசத் தொடங்கிய கணத்தில் நம் கருவி அந்தச் சேனலைச் சற்று முன்தான் தாண்டியிருந்தால், அவர் பேசி முடித்த பிறகே திரும்ப வந்து சேரும். 21 சேனல் என்றால் 7 வினாடி. மோசமான நேரத்தில்கூட முதல் 7 வினாடிதான் போகும். கால்சைன் (பேசுபவரின் அழைப்புப் பெயர்) தவறலாம், விஷயம் தவறாது. 30 சேனல் என்றால் 10 வினாடி. அதற்கு மேல் போகாமல் இருப்பது நல்லது.

கருவிக்குக் கருவி வேகம் கொஞ்சம் மாறும். சரிபார்ப்பது எளிது: ஸ்கேனை ஓடவிட்டு, 000 திரையில் வரும்போது கைபேசியில் ஸ்டாப்வாட்சைத் தொடங்கி, பத்தாவது முறை 000 திரும்பி வரும்போது நிறுத்துங்கள். அந்த நேரத்தைப் பத்தால் வகுத்தால் ஒரு சுற்று. நடுவில் எங்காவது சிக்னலில் நின்றால் கணக்கு கெடும், மறுபடி எடுங்கள்.

பட்டியலில் என்ன போடலாம்? உங்கள் இடத்திலிருந்து உண்மையிலேயே எட்டும் ரிப்பீட்டர்களின் வெளியீட்டு அலைவரிசைகள். உள்ளூர் நண்பர்கள் நேரடியாகப் பேசும் சிம்ப்ளெக்ஸ் அலைவரிசைகள். சர்வதேச விண்வெளி நிலையத்தின் குரல் இறங்கு அலைவரிசையான 145.800. நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும், ஒருநாளும் காதில் விழாத ரிப்பீட்டரைப் 'பயணம் போகும்போது ஆகட்டும்' என்று சேர்த்து வைத்தால், தினமும் ஒவ்வொரு சுற்றிலும் அதற்கு மூன்றில் ஒரு வினாடி தண்டம் கட்டுகிறீர்கள். நினைவகத்தில் இருக்கட்டும், ஸ்கேனில் வேண்டாம்.

இந்த 'இருக்கட்டும், ஆனால் தாண்டிப் போ' என்ற கட்டளையைக் கருவியின் பொத்தான்களால் கொடுக்க முடியாது. பலரும் மெனுவில் தேடித் தேடிச் சலித்துப் போவது இங்கேதான். கணினியும் கேபிளும் வேண்டும்.

சிர்ப் வழியாக ஏற்றுவது

சிர்ப் என்பது கருவியின் சேனல் பட்டியலைக் கணினியில் திருத்தி ஏற்ற உதவும் இலவச மென்பொருள். கருவியை அணைத்து, இரண்டு முனைக் கேபிளைச் செருகி, பிறகு ஆன் செய்யுங்கள். முதல் வேலை எதையும் மாற்றுவது அல்ல. கருவியில் இருப்பதை அப்படியே கணினிக்கு இறக்கி, தேதி போட்டு ஒரு கோப்பாகச் சேமித்து, அதைத் தொடாமல் ஒதுக்கி வையுங்கள். பிறகு அதன் நகலில்தான் திருத்தம். நண்பருடைய கருவியின் கோப்பை வாங்கி அப்படியே உங்கள் கருவியில் ஏற்றாதீர்கள். வெளியில் ஒரே மாதிரி இருந்தாலும் உள்ளே ஃபர்ம்வேர் வேறாக இருக்கலாம். சேனல் வரிசைகளை மட்டும் நகலெடுத்து உங்கள் கோப்பில் ஒட்டிக்கொள்ளலாம்.

கருவி பதில் தரவில்லை என்று பிழை வந்தால், பத்தில் எட்டு முறை கேபிள் முழுதாக உள்ளே இறங்கியிருக்காது. செருகியதும் உள்ளே போனதுபோல் தெரியும், கடைசி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் பாக்கி இருக்கும். கட்டைவிரலால் நன்றாக அழுத்துங்கள். கருவியின் உடல் பிளாஸ்டிக் இடித்தால் கேபிள் முனையின் விளிம்பைக் கத்தியால் கொஞ்சம் சீவிவிடலாம். இன்னும் வரவில்லையென்றால் கேபிளுக்குள் இருக்கும் சிப்பைப் பாருங்கள்: விலை குறைந்த கேபிள்களில் ப்ரோலிஃபிக் சிப்பின் போலி இருக்கும், விண்டோஸின் புது டிரைவர் அதை ஏற்காமல் மஞ்சள் ஆச்சரியக்குறி காட்டும். பழைய டிரைவரைத் தேடி அலைவதைவிட எஃப்டிடிஐ சிப் உள்ள கேபிள் ஒன்றை வாங்கிவிடுவதே நிம்மதி. லினக்ஸில் என்றால் உங்கள் பயனர் கணக்கை டயல்-அவுட் குழுவில் சேர்த்து, வெளியேறி மறுபடி உள்ளே வர வேண்டும்.

இனி பட்டியல். ஒவ்வொரு வரிசையிலும் 'ஸ்கிப்' என்ற பத்தியில் எஸ் என்ற எழுத்தைத் தேர்ந்தால் அந்தச் சேனலை ஸ்கேன் தாண்டிவிடும். கையால் அந்தச் சேனலுக்குப் போக எந்தத் தடையும் இல்லை. எஸ் போட வேண்டியவற்றில் இரண்டு வகையைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும்.

ஒன்று, 145.825. விண்வெளி நிலையத்தின் பாக்கெட் தரவு அலைவரிசை. நிலையம் தலைக்கு மேல் போகும் பத்து நிமிடமும் 'பர்ர், பர்ர்' என்று துண்டு துண்டாக வந்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஸ்கேனைப் பிடித்து நிறுத்தும். இரண்டு, நிலையத்தின் ரிப்பீட்டர் இறங்கு அலைவரிசை 437.800-க்காக டாப்ளர் நகர்வைச் (நிலையத்தின் வேகத்தால் அலைவரிசை மேலும் கீழும் நகர்வது) சமாளிக்கப் பலரும் வைத்திருக்கும் ஐந்து சேனல்கள்: 437.810, 437.805, 437.800, 437.795, 437.790. இவை ஒன்றுக்கொன்று 5 கிலோஹெர்ட்ஸ் இடைவெளிதான். ஸ்கேனில் விட்டால் கருவி சரியான சேனலைத் தேடாது, முதலில் எதில் சிக்னல் எட்டிப் பார்க்கிறதோ அதிலேயே நின்றுவிடும், பேச்சு கரகரக்கும். நிலையம் ஏறும்போது மேல் அலைவரிசையில் தொடங்கி, தலைக்கு மேல் வரும்போது நடு, இறங்கும்போது கீழ் என்று கையால் மாற்றுவதே சரி. 145.800-இல் நகர்வு 3.5 கிலோஹெர்ட்ஸ்தான், அகலப் பட்டையில் அது பெரிதாகத் தெரியாது. அதற்கு ஒரே சேனல் போதும், அதை ஸ்கேனில் விடலாம்.

டோன் (குரலோடு சேர்ந்து போய் ரிப்பீட்டரைத் திறக்கும் தாழ்ந்த ஒலி, சிடிசிஎஸ்எஸ் என்பார்கள்) பத்தியில் ஒரு கண்ணி இருக்கிறது. சிர்ப்பில் 'டோன்' என்று தேர்ந்தால் அனுப்பும்போது மட்டும் சிடிசிஎஸ்எஸ் போகும். 'டிஎஸ்க்யூஎல்' என்று தேர்ந்தால் வரும் சிக்னலிலும் அதே டோன் இருந்தால்தான் ஒலிபெருக்கி திறக்கும். ரிப்பீட்டரைத் திறக்க முதலாவது போதும். பல ரிப்பீட்டர்கள் வெளியீட்டில் டோனைத் திரும்ப அனுப்புவதில்லை. அங்கே டிஎஸ்க்யூஎல் போட்டால் பச்சை விளக்கு எரியும், சத்தம் வராது. கருவி செத்துவிட்டதாக நினைத்துப் பழுதுபார்ப்பவரிடம் எடுத்துக்கொண்டு ஓடும் அளவுக்கு இது ஆளை ஏமாற்றும்.

சேனலுக்கு ஏழு எழுத்துவரை பெயர் வைக்கலாம். மெனு 21-இல் 'நேம்' தேர்ந்தால் மேல் வரியில் அந்தப் பெயர் தெரியும். ஸ்கேன் எங்கே நின்றது என்பதை அறையின் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பார்வையில் தெரிந்துகொள்ள இது உதவும்.

நின்ற பிறகு என்ன செய்ய வேண்டும்: மெனு 18

மெனு பொத்தான், 1, 8, மறுபடி மெனு, அம்புக்குறியால் தேர்வு, மெனு, எக்ஸிட். மூன்று வழி இருக்கின்றன.

டிஓ: சிக்னல் கிடைத்ததும் நிற்கும், சில வினாடி கழித்துப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தாலும் கிளம்பிவிடும். எங்கெங்கே நடமாட்டம் இருக்கிறது என்று மேலோட்டமாகப் பார்க்கச் சரி. உரையாடலைக் கேட்க ஆகாது. வாக்கியம் பாதியில் அறுந்துபோவது எரிச்சலூட்டும்.

சிஓ: கேரியர் (எதிர்முனை அனுப்பும் அலை) இருக்கும்வரை நிற்கும், போனதும் நகரும். மாலை நெட் (ஹாம்கள் குறித்த நேரத்தில் கூடிப் பேசுவது) நடக்கும்போது இதுதான் வசதி. ரிப்பீட்டர் என்றால் ஒருவர் முடித்த பிறகும் அதன் வால் (பேச்சில்லாத வெறும் கேரியர்) ஓரிரு வினாடி ஓடும், அதற்குள் அடுத்தவர் வந்துவிடுவார், ஸ்கேன் அங்கேயே இருக்கும். சிம்ப்ளெக்ஸில் வால் கிடையாது. ஒருவர் பிடிடியை விட்டதும் ஸ்கேன் கிளம்பி, 21 சேனலையும் சுற்றிவிட்டு வரும்போது மற்றவர் ஏழு வினாடி பேசி முடித்திருப்பார். பட்டியல் குட்டையாக இருக்க வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணம் இது.

எஸ்இ: முதல் சிக்னலில் நின்று, ஸ்கேனே முடிந்துவிடும். தெரியாத அலைவரிசை ஒன்றைக் கண்டுபிடிக்க மட்டும் இதை வையுங்கள். ஃபேன் ரெகுலேட்டரைத் திருப்பும்போது வரும் ஒரு 'டிக்' போதும், அதில் நின்றுவிடும். கருவி ஸ்கேன் செய்துகொண்டிருப்பதாக நினைத்து மாலை முழுவதும் செத்த சேனலைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள்.

அன்றாடப் பயன்பாட்டுக்கு சிஓ. ஒரு சேனலில் ஓயாத இரைச்சல் இருந்தால் சிஓ அதிலேயே ஒட்டிக்கொள்ளும். அதற்காக டிஓ-வுக்கு மாறாதீர்கள், அந்தச் சேனலைச் சரிசெய்யுங்கள் அல்லது எஸ் போடுங்கள்.

ஸ்கேன் ஓடும்போது மேல்-கீழ் அம்புக்குறி திசையை மாற்றும். நிறுத்த வேறு பொத்தானைத் தொடுங்கள், பிடிடியை மட்டும் வேண்டாம். எந்தச் சேனலில் இருக்கிறீர்கள் என்று தெரியாமல் அனுப்பியைத் தட்டிவிடும் பழக்கம் வரவே கூடாது. மெனு 7-இல் இரட்டைக் கவனிப்பை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் கருவி மேல் வரிக்கும் கீழ் வரிக்கும் தாவப் பார்க்கும், ஸ்கேன் குழம்பும். மெனு 32-இல் 'சைட்' வைப்பதும் நல்லது: பக்கவாட்டு கால் பொத்தானைத் தட்டினால் எஃப்எம் வானொலி, அழுத்திப் பிடித்தால் அபாயச் சங்கு. 'சைட்' என்றால் சங்கு உங்கள் ஒலிபெருக்கியோடு நிற்கும். மற்ற இரண்டு தேர்வுகளில் அது காற்றிலும் போகும்.

ஸ்கேன் பொத்தானை அழுத்தியும் ஒன்றும் நடக்கவில்லையா? திரையில் பூட்டுக் குறி இருக்கிறதா பாருங்கள், ஹாஷ் பொத்தானை அழுத்திப் பிடித்தால் விடுபடும். எஃப்எம் வானொலி ஓடிக்கொண்டிருந்தால் அதே நட்சத்திரப் பொத்தான் எஃப்எம் நிலையங்களைத் தேடப் போய்விடும், முதலில் அதை அணையுங்கள்.

பேய்ச் சத்தத்தில் நிற்கிறது

பட்டியலும் சரி, மெனு 18-உம் சரி, ஆனாலும் யாரும் பேசாத இடத்தில் ஸ்கேன் நிற்கிறது. எல்லாரும் முதலில் ஸ்குவெல்ச்சைத்தான் (எவ்வளவு வலுவான சிக்னலுக்கு ஒலிபெருக்கி திறக்கலாம் என்ற அளவு) ஏற்றுவார்கள். மெனு 0, 1-இலிருந்து 9 வரை. இந்தக் கருவியில் அந்த ஒன்பது படிக்கும் நடுவில் பெரிய வித்தியாசம் தெரியாது, தொழிற்சாலை அளவுகள் மிக நெருக்கமாக வைக்கப்பட்டிருக்கின்றன. சிர்ப்பில் 'சர்வீஸ்' அமைப்புகள் பக்கத்தில் ஒவ்வொரு படிக்கும் உரிய எண்ணை விஎச்எஃப், யுஎச்எஃப் என்று தனித்தனியாக மாற்றலாம். பழைய எண்களைத் தாளில் குறித்துக்கொண்டு, படிப்படியாக ஏற்றி, எட்டும் ரிப்பீட்டர்களிலேயே பலவீனமானது இன்னும் திறக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். திறக்கவில்லையென்றால் ஒரு படி இறக்குங்கள்.

ஆனால் அதற்கு முன்பே செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு, ஒரு நிமிடம்கூட ஆகாது. ஸ்கேன் நின்ற இடத்தில் ஆன்டெனாவைக் கழற்றுங்கள். சத்தம் அப்படியே இருந்தால் அது கருவிக்குள்ளேயே பிறக்கும் பேய். ஒன்றும் செய்ய முடியாது, எஸ் போட்டு விடுங்கள். சத்தம் மறைந்தால் வெளியிலிருந்து வருகிறது.

வெளியே என்றால் முதல் சந்தேகம் வீட்டின் மீதே. ஆன்டெனாவைத் திரும்ப மாட்டி, கருவி அதன் பேட்டரியிலேயே ஓடட்டும், சார்ஜரில் வைக்காதீர்கள். ஒருவர் கருவியைக் கையில் பிடித்திருக்க, இன்னொருவர் மெயின் பெட்டியில் எம்சிபி-க்களை ஒவ்வொன்றாக அணைக்கட்டும். எதை அணைத்தபோது நிற்கிறதோ அந்தச் சுற்றில் இருக்கும் பொருள்களைத் தனித்தனியே பிடுங்கிப் பாருங்கள். எல்இடி பல்பு, வைஃபை ரவுட்டரின் அடாப்டர், செட்டாப் பாக்ஸ், கைபேசி சார்ஜர், இந்த நாலில் ஒன்றுதான் பெரும்பாலும். இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டில் எம்சிபி அணைத்தாலும் பாதி வீடு ஓடிக்கொண்டிருக்கும், இன்வெர்ட்டரையும் அணைக்க மறக்காதீர்கள். குற்றவாளி சிக்கியதும் அதன் வயரைக் கவ்வும் ஃபெரைட் உருளைக்குள் மூன்று நான்கு சுற்று சுற்றுங்கள். பல்பு என்றால் மாற்றிவிடுங்கள், அதில் ஃபெரைட் போட இடமில்லை.

மொட்டை மாடி ஆன்டெனாவில் மட்டும் பேய் வருகிறதா?

அது வேறு நோய். யுவி-5ஆரின் முன்பகுதி வடிகட்டல் மட்டமானது. கூடவே வரும் ரப்பர் ஆன்டெனாவில் சும்மா இருக்கும் கருவி, மாடியில் இருக்கும் பெரிய ஆன்டெனாவை மாட்டியதும் எஃப்எம் ஒலிபரப்பு நிலையங்களின் வலிமையில் திணறி, இல்லாத இடத்தில் பாட்டுப் பாடும். எந்த நிலையம் என்று அந்தப் பாட்டே காட்டிக்கொடுக்கும்: இன்னொரு எஃப்எம் ரேடியோவில் அதே நிகழ்ச்சி எங்கே ஓடுகிறது என்று பாருங்கள்.

குற்றவாளி ஒரே நிலையமாக இருந்தால் ஒரு துண்டுக் கேபிள் போதும். ஆர்ஜி-58 கோஆக்ஸ் துண்டு ஒன்றை, ஒரு முனையில் கனெக்டர் வைத்து, மறுமுனையை எதிலும் இணைக்காமல் திறந்து விட்டு, டி கனெக்டர் வழியாக ஆன்டெனாக் கேபிளோடு சேர்த்தால், அதன் நீளம் கால் அலையாக வரும் அலைவரிசையை அது தரையிறக்கிவிடும். நீளம் சென்டிமீட்டரில்: 4,950-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுக்க வேண்டும். கேபிளுக்குள் அலை 0.66 மடங்கு வேகத்தில்தான் போகும், அதுவும் இந்த எண்ணிலேயே அடங்கிவிட்டது. சென்னையில் வானொலியின் ரெயின்போ 101.4-ஐ அடக்க 48.8 சென்டிமீட்டர். இதை டி கனெக்டரின் நடுவிலிருந்து அளக்க வேண்டும், கனெக்டரின் நீளமும் கணக்கில் சேரும்.

முதலில் 52 சென்டிமீட்டருக்கு வெட்டுங்கள். திறந்த முனையில் வெளிப் பின்னலை 3 மில்லிமீட்டர் பின்னால் நறுக்கி, நடுக்கம்பியைத் தொடாமல் பாருங்கள். பிறகு ஐந்து ஐந்து மில்லிமீட்டராக வெட்டி, ஒவ்வொரு முறையும் பேய் நின்ற சேனலைக் கேளுங்கள். எஃப்எம் நிலையத்தின் சத்தம் குறைகிறதா என்று பார்த்து முடிவு செய்யாதீர்கள்: பக்கத்தில் இருக்கும் நிலையம் நூறில் ஒரு பங்கு ஆனாலும் எஃப்எம் ரேடியோவில் தெளிவாகவே கேட்கும். பேய் போனதா என்பதுதான் அளவுகோல். ஒரு வெட்டு அதிகமாகிவிட்டால் புதுத்துண்டு எடுக்க வேண்டியதுதான், ஒட்டுப் போட முடியாது. முடிந்ததும் முனையில் ஹீட் ஷ்ரிங்க் போடுங்கள்.

இந்தத் துண்டு கேட்பதற்கு மட்டும். 145 மெகாஹெர்ட்ஸில் ஒன்றரை டெசிபெல் அளவுக்குத்தான் சிக்னலைத் தின்னும், கேட்கும்போது தெரியாது. ஆனால் அதே இடத்தில் எஸ்டபிள்யூஆர் (அனுப்பும் சக்தி எவ்வளவு திரும்பி வருகிறது என்பதன் அளவு) 3-க்கு மேல் போகும். அனுப்புவதற்கு முன் டி கனெக்டரைக் கழற்றிவிட்டு ஆன்டெனாவை நேரடியாக மாட்டுங்கள். பல நிலையங்கள் சேர்ந்து தொல்லை கொடுத்தால் துண்டு துண்டாக மாட்டிக்கொண்டே போகாமல், 2 மீட்டர் பட்டையை (144–146 மெகாஹெர்ட்ஸ்) மட்டும் உள்ளே விடும் பேண்ட்பாஸ் வடிகட்டி ஒன்றை வாங்கி வைப்பதே மேல்.

டோன் தெரியாத ரிப்பீட்டர்

ஸ்கேனில் புது ரிப்பீட்டர் ஒன்று கேட்கிறது, ஆனால் நீங்கள் அழைத்தால் அது திறக்கவில்லை. டோன் தேவைப்படும். அலைவரிசை முறைக்கு மாறி, அதன் வெளியீட்டை எண்ணாக அடித்து, மெனு 11, மெனு, பிறகு ஸ்கேன் பொத்தான். சிக்னல் வந்துகொண்டிருக்கும்போதுதான் தேடும், 50 டோன்களையும் சரிபார்க்க வேண்டியிருப்பதால் ஒருவர் பேசி முடிப்பதற்குள் முடியாமல் போகலாம். பொறுமையாக விடுங்கள், அடுத்தவர் பேசும்போது தொடரும்.

ஐந்தாறு பேர் பேசியும் ஒன்றும் சிக்கவில்லையென்றால் அந்த ரிப்பீட்டர் வெளியீட்டில் டோனை அனுப்பவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். அப்போது உள்ளீட்டில்தான் தேட வேண்டும். 2 மீட்டரில் வழக்கமான இடைவெளி 600 கிலோஹெர்ட்ஸ்: வெளியீட்டிலிருந்து அவ்வளவு கழித்த அலைவரிசையை நேரடியாக அடித்துக் கேளுங்கள். உங்கள் பக்கத்துத் தெருவில், ஊரில் இருப்பவர் பேசினால் மட்டுமே அங்கே கேட்கும். கேட்கும்போது அதே மெனு 11 தேடல்.

எண் கிடைத்ததும் அதை மெனு 13-இல் அனுப்பும் டோனாக வையுங்கள், மெனு 11-ஐத் திரும்ப 'ஆஃப்' செய்யுங்கள். இந்தக் கடைசி அடியை மறந்தால் மேலே சொன்ன அந்தப் பச்சை விளக்கு, சத்தமில்லாத கருவி, மறுபடியும் உங்கள் கையில்.